மிச்சமிருந்த பெயிண்ட்

பிப்ரவரி 9

அன்புள்ள வாண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசலாம்தான். ஆனால் என் காதுகளில் எது நல்ல காது என்பது பாதி நேரம் எனக்கே மறந்துவிடுகிறது. நான் "என்னது, என்னது" என்று கத்த, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் "உங்க மக நல்லா இருக்காளாம் சார்" என்று பதில் சொல்கிறார். நீ விடுதியில் இருந்த காலம் மாதிரி கடிதமே நமக்கு நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி வகுப்புக்கு ரயிலில் போனபோது காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனாய். திரும்பி வந்தாய், சாவியை வாங்கினாய், பறந்துவிட்டாய். காரின் காலைக் குனிந்து பார்த்தாயா? இல்லை. இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படி.

பார்த்தாயா? சக்கரத்தை மூடியிருக்கிறதே, அது புது வீல் கேப் இல்லை. உன் பழைய வீல் கேப்தான்! கடையில் புதுசுக்கு விலை கேட்டேன். கேட்டதும் கடைக்காரருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, ஸ்ப்ரே டப்பா விற்கிற கடைக்குப் போய்விட்டேன். நாலையும் நெம்பிக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே வெள்ளி நிறம், அதற்கும் மேலே பளபளப்புக்கு ஒன்று. பால்கனி பூராவும் செய்தித்தாள். உன் அம்மா துணி காயப்போட இடமில்லாமல் நின்றுகொண்டு, "நாற்காலிக்கு வார்னிஷ் அடிச்ச மனுஷன் காருக்கு அடிக்கிறாரு. அதுவும் நாற்காலி மாதிரி போட்ட இடத்துலயே நிக்கப் போவுது" என்றாள். பொறாமை.

அதோடு விட்டேனா? கேப்பின் உள்பக்கத்துக்கு அடிக்கக் கறுப்பு எனாமலில் சின்ன டப்பா கிடைக்கவில்லை, பெரியதுதான் இருந்தது. முக்கால் டப்பா மிச்சம். வீணாக்க மனசு வருமா? சக்கரத்தை ஒவ்வொன்றாக ஜாக்கி வைத்துக் கழற்றி, கேப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிற இரும்பு முழுவதற்கும் அடித்தேன். எங்கள் நாற்காலிப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு: கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் முதல் பூச்சு. அடிப்பக்கம், மூட்டு, திருகு ஏறுகிற ஓட்டை. ஈரம் அங்கேதான் புகும். அதனால் உன் சக்கரத்தில் நட்டு உட்காருகிற குழிகளுக்குக்கூட மூன்று கோட்டிங். இனி துரு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. நட்டையெல்லாம் ஸ்பேனர் மேல் ஏறி நின்று முறுக்கினேன், பயப்படாதே.

பிசியோதெரபி என்று வீடு வீடாகப் போய் மற்றவர்களை நடக்க வைக்கிறவள் நீ. உன் காரின் கால் மட்டும் சொறி பிடித்த மாதிரி இருக்கலாமா?

மாப்பிள்ளை பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அப்பா


பிப்ரவரி 18

அன்புள்ள அப்பா,

சத்தியமாக நான் கவனிக்கவேயில்லை. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கீழே ஓடினேன். அப்பா! பக்கத்தில் நிற்கிற புதுக் காருக்கே வெட்கமாக இருக்கும்.

உங்கள் மாப்பிள்ளை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்: "என்ன, கேப் மாத்திட்டியா? சொல்லவே இல்ல?" அவ்வளவுதான். ஆனால் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். நான் இந்தக் காரை வாங்கியதிலிருந்து அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உங்களுக்குத்தான் தெரியுமே, "உனக்கெதுக்குக் கார், ஆட்டோ இல்லையா, பஸ் இல்லையா" என்று தொடங்கியவர்.

மாடி ஏற முடியாத தையல்காரர் ஒருவரைப் பற்றிப் போன தடவை சொன்னேனே, பக்கவாதம் வந்தவர். இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். ஜன்னல் வரைக்கும் போய்விட்டால் தெருவைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டி வைத்திருக்கிறேன். அவர் வீடு ஊருக்கு வெளியே இருக்கிறது. கார் இல்லாவிட்டால் அங்கே போகவே முடியாது.

இரண்டு நாளாக ஓட்டும்போது எங்கேயோ டக் டக் என்று ஒரு சத்தம். பின் சீட்டில் என் பை. அதற்குள் மணல் மூட்டை, எடைகள், கட்டை எல்லாம் இருக்கிறது, அவைதான் உருளுகின்றன போல. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டால் சரியாகிவிடுகிறது!

அம்மாவிடம் சொல்லுங்கள், நாற்காலி நன்றாக ஓடுகிறது என்று.

வாண்டு


மார்ச் 3

அப்பா,

பயப்படாமல் படியுங்கள். எனக்கு ஒன்றுமில்லை. நெற்றியில் ஒரு வீக்கம் மட்டும்தான்.

தையல்காரர் வீட்டிலிருந்து திரும்பும்போது, சந்தை வளைவில், முன்பக்க இடது சக்கரம் கழன்றுவிட்டது. முழுச் சக்கரம், அப்பா. எனக்கு முன்னால் அது தனியாக ஓடியதை நான் பார்த்தேன். கார் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றது. சக்கரம் நிற்கவில்லை. தெரு ஓரத்தில் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடக்கக் காத்திருந்தாள். அவர்களுக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், அது போய்ச் சுவரில் மோதி விழுந்தது. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சத்தம் கேட்டதே, அப்பா. நாள்கணக்கில் கேட்டது. நான் பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

டயர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு நட்டெல்லாம் தானாகவே லூஸாகியிருக்கிறது என்றார். உங்கள் மாப்பிள்ளை கத்தவில்லை. "சத்தம் வந்தா நிறுத்திப் பாக்கணும்னுகூடத் தெரியாம எதுக்கு ஓட்டணும்?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

இனிமேல் ஓட்டப் போவதில்லை. காரை விற்றுவிடுகிறோம். மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் ஓர் இடம் இருக்கிறதாம், கேட்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவ்வளவு பாடுபட்டுப் பெயிண்ட் அடித்த கேப்புகளில் ஒன்று தெறித்துச் சாக்கடையில் விழுந்துவிட்டது. குச்சியை விட்டுத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வாண்டு


மார்ச் 9

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நன்றாக இருக்கிறாய், அது போதும். அம்மா போனில் உன்னிடம் பேசினாளே, அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் நல்ல காது வேறு பக்கம் இருந்துவிட்டது, அதனால்தான் போனை வாங்கவில்லை.

கேப்பைத் தேடிச் சாக்கடையைக் கிளறினாயா? பைத்தியக்காரி. அதுக்குப் போய் மன்னிப்பா?

இதோ பார், கார் என்றால் ஆயிரம் இருக்கும். ரோடு சரியில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறினால் எந்த நட்டும்தான் தளரும். இது உன் தப்பு இல்லை. ரோட்டின் தப்பு. விற்கிற முடிவை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதே.

ஒன்று கேட்க வேண்டும். அந்த டயர் கடைக்காரர் சக்கரத்தில் நட்டு உட்காருகிற குழியைப் பார்த்து ஏதாவது சொன்னாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சமையலறை மேசை கொஞ்சம் ஆடுகிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா


மார்ச் 16

அன்புள்ள அப்பா,

ரோடு எல்லாருக்கும் ஒரே ரோடுதான். மற்றவர்களின் சக்கரம் கழலவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல உங்களுக்கு வராது, விட்டுவிடுங்கள். ஆனால் முயற்சி செய்தீர்களே, அது பிடித்திருந்தது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். டயர் கடைக்காரர் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இங்கெல்லாம் யாரும்மா பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பா அடிச்சது. வாழ்க்கை பூரா பெயிண்ட் வேலை பாத்தவரு. அதுல ஒரு குறை சொல்ல முடியாது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தப்பு செய்தது நான், உங்கள் வேலையில் போய் நொட்டை சொல்லலாமா?

ஓர் ஆள் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மாத முடிவில் எடுத்துக்கொள்கிறாராம்.

தையல்காரரின் மனைவி போன் செய்தார். கணவர் படுக்கையை விட்டு எழ மாட்டேன் என்கிறாராம். "அந்தப் பொண்ணு வரும்ல, வந்ததும் எந்திரிக்கிறேன்" என்கிறாராம். வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவ்வளவு தூரம் போக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ராத்திரியில் அந்தக் குழந்தையின் கைதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

வாண்டு


மார்ச் 20

வாண்டு,

இந்தக் கடிதத்தை நான் போன தடவையே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன். கிழித்தேன். அதற்குப் பதிலாக ரோட்டைக் குற்றம் சொல்லி ஒன்று எழுதி அனுப்பினேன். ரோடு பாவம், அதற்குப் பதில் எழுதத் தெரியாது.

சக்கரம் கழன்றது என்னால். உன்னால் இல்லை.

உன் கடிதத்தில் "தானாகவே லூஸாகியிருக்கிறது" என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் ஏறி நின்று முறுக்கிய நட்டு அது. அது தானாக எப்படித் தளரும்? சமையலறை மேசையின் காலைக் கழற்றினேன். இரும்புப் பட்டையில் போல்ட் உட்காருகிற இடத்தில் அதே எனாமலை மூன்று கோட்டிங் அடித்தேன். மிச்சம் இன்னும் இருந்தது, அதுதான் கொடுமை. காய்ந்ததும் போல்ட்டைப் போட்டு, மூச்சுப் பிடித்து முறுக்கி, மேசையை நாலு தடவை இப்படியும் அப்படியும் இழுத்து ஆட்டிவிட்டு, ஒரு நாள் விட்டுவைத்தேன். மறுநாள் வெறும் விரலால் திருப்பினேன். திரும்பியது. கழற்றிப் பார்த்தால் பெயிண்ட் நசுங்கிப் பொடியாகிக் கிடந்தது. இரும்போடு இரும்பு உட்கார வேண்டிய இடத்தில் நான் மெத்தை போட்டிருக்கிறேன், வாண்டு. மெத்தை அமுங்க அமுங்க நட்டு தளர்ந்திருக்கிறது.

நாற்காலி ஓடாது. மரத்துக்கு ஈரம்தான் எதிரி. அந்த ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு உன் சக்கரத்தில் கைவைத்தேன். மிச்சப் பெயிண்ட்டை வீணாக்க மனசு வராமல், உன்னை வீணாக்கப் பார்த்தேன்.

டக் டக் என்று நீ எழுதியிருந்ததை நானும்தான் படித்தேன். படித்துவிட்டு அம்மாவிடம், "பொண்ணு பையைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாம ஓட்டுறா" என்று சிரித்தேன். உனக்காவது பாட்டுச் சத்தம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

மேசையை ஆட்டிக்கொண்டிருந்தபோதே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "என்ன செய்றீங்க?" என்றாள். சொன்னேன். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். "சொல்லணும்" என்றேன். "அப்ப இன்னும் சொல்லல" என்றாள். அதிலிருந்து சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை. நீ அந்த டயர் கடைக்காரரிடம் எனக்காகச் சண்டை போட்டதைப் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வேறு எந்த வேலையிலும் நான் கெட்டிக்காரன் இல்லை. கணக்கு வராது, இங்கிலீஷ் வராது, இப்போது காதும் வராது. பெயிண்ட் ஒன்றுதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அந்த நேரத்தில் நீ உன்னுடையதை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாய். தெரிந்துகொண்டேதான் சும்மா இருந்தேன்.

காரை விற்காதே. மாப்பிள்ளைக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு. என்னைத் திட்டச் சொல். மற்ற மூன்று சக்கரத்திலும் அதே பெயிண்ட் இருக்கிறது, சுரண்டி எடுக்கிற வரைக்கும் ஓர் அடிகூட ஓட்டாதே.

அந்தக் குழந்தையின் கை இப்போது என் கண்ணுக்கு முன்னாலும் வருகிறது.

அப்பா


மார்ச் 27

அப்பா,

பெயிண்ட்டுக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு நல்லது செய்யத்தான் அடித்தீர்கள். நானும் அந்த டப்பாவை வீணாக்கியிருக்க மாட்டேன், உங்கள் மகள்தானே.

ஆனால் மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதம் ஒன்று இருக்கிறது. அதை எழுதும்போதே உங்களுக்குத் தெரியும். "ரோட்டின் தப்பு" என்று எழுதினீர்கள். நான் ஸ்டியரிங்கைத் தொடவே பயந்து உட்கார்ந்திருந்தபோது, அங்கே உட்கார்ந்து மேசையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். "ஆறுதல் சொல்ல வராது, ஆனால் பிடித்திருந்தது" என்று வேறு எழுதினேன். அந்த வரியை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நானும் உன்னத்தான் குத்தம் சொன்னேன்" என்றார். உங்களைத் திட்டவில்லை. காரை வாங்க வந்தவருக்கு அவரே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கார் இருக்கிறது. ஓட்டுவேனா என்று தெரியாது.

கொஞ்ச நாள் எழுதாதீர்கள்.


ஏப்ரல் 11

வாண்டு,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, பார்சலோடு வைக்கிற சீட்டு.

பழைய சாமான் கடையில் உன் காருக்கு ஏற்ற வீல் கேப் ஒன்று கிடைத்தது. காணாமல் போனதற்குப் பதில். பெயிண்ட் அடிக்கவில்லை. தேய்க்கவில்லை. கழுவக்கூட இல்லை. எப்படி வாங்கினேனோ அப்படியே கட்டியிருக்கிறேன். பார்சல் கட்டிய கயிற்றைக்கூட உன் அம்மாதான் முடிச்சுப் போட்டாள், என்னை நம்பவில்லை.

அப்பா


ஏப்ரல் 24

அப்பா,

பார்சல் வந்தது. நிஜமாகவே கழுவவில்லை. பிரித்ததும் மடியில் மண் கொட்டியது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

டயர் கடைக்கு நான் தனியாகப் போனேன். அன்றைக்குக் கோபமாகப் பேசியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, அப்பாவ யாரு விட்டுக்குடுப்பா?" என்றார். அதைக் கேட்டதும் உங்கள் மேல் இருந்த கோபம் ஒரு சுற்று கூடியது, ஒரு சுற்று குறைந்தது. சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்தார். தின்னர் ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, எல்லாக் குழிகளையும் நானே சுத்தம் செய்தேன். உங்கள் பெயிண்ட் லேசில் வரவில்லை! நட்டை நானே முறுக்கினேன். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் முறுக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அசையவில்லை.

தையல்காரர் வீட்டுக்குப் போனேன். வழியில் டக் டக் என்று சத்தம். பாட்டு எதுவும் போடவில்லை. ஓரமாக நிறுத்தி, இறங்கி, நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். கதவைத் திறந்து பையைத் தூக்கினேன். இந்தத் தடவை பைதான், அப்பா. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்து நின்றார். ஜன்னல் இன்னும் தூரம்.

கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், காரில். சக்கரத்துக்குப் பக்கத்தில் நீங்கள் போகக் கூடாது. நான் கூப்பிட்டால் மட்டும் வரலாம்.

வாண்டு


மே 2

அன்புள்ள வாண்டுவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். என்னோடும் பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை: "அந்த மிச்ச டப்பா எங்க?" கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

நீ ஸ்பேனரை நீட்டி, "ஒரு தடவை பாருங்கப்பா" என்றாயே, என் கை வரவில்லை. நீ நீட்டியபடியே நின்றாய். உன் நோயாளிகள் எழுந்து நிற்கிற வரைக்கும் நீ இப்படித்தான் நிற்பாய் போல. கடைசியில் வாங்கினேன். ஒவ்வொரு நட்டாகப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. நீ முறுக்கியது. என் உடம்பு எடை முழுவதும் போட்டும் அசையவில்லை. அப்போதுதான் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று உள்ளே போனேன். ஒன்றும் விழவில்லை.

அந்தப் பெண்ணும் குழந்தையும் இப்போது எங்கேயாவது கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்துகொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு விலாசம் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ கிளம்பும்போது நான் வழக்கமான இடத்தில் இல்லாமல் காரைச் சுற்றி வந்து நின்றதை அம்மா கவனித்துவிட்டாள். "ஏன் அங்க போய் நிக்கிறீங்க, வெயில்ல?" என்றாள். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு கேப்பும் பளபளவென்று என் வேலை. இடது பக்கம் முன்னால், மண்ணும் கீறலுமாக, நான் தொடாத ஒன்று.

அந்த இடது பக்கம் நின்றுதான் கையசைத்தேன்.

அப்பா